பாட்டுக்கு நடுவே பொரி வெடிக்கிறதா? கம்ப்யூட்டரையும் சுருதி சேர்க்கலாம்!

போன வருடம் பொங்கல் விடுமுறை. சிவகங்கைப் பக்கம் இருக்கும் எங்கள் கிராமத்து வீட்டின் உள் அறையில் ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, அப்பத்தாவை நாற்காலியில் உட்காரவைத்தோம். அப்பத்தாவுக்கு 84 வயது. நடவுப் பாட்டு, தொட்டில் பாட்டு, கும்மிப் பாட்டு என்று அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவர் தலைமுறையோடு போய்விடுமோ என்ற பதைப்பு எங்களுக்கு. எழுதி வைத்தால் வார்த்தை மிஞ்சும். மெட்டு மிஞ்சாது. அதனால் பதிவு செய்துவிடுவது என்று முடிவெடுத்தோம்.

நல்ல மைக் ஒன்றைக் கடன் வாங்கியிருந்தேன். மைக்கையும் லேப்டாப்பையும் இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற சின்னப் பெட்டியும் கூடவே வந்தது. இரண்டு மணி நேரத்தில் 11 பாட்டுகள். இடையில் கரன்ட் போனபோதும் லேப்டாப் பேட்டரியில் ஓடியதால் நிறுத்தவில்லை. இரவு சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் கூடி உட்கார்ந்து கேட்டோம்.

குரல் அவ்வளவு அழகாக வந்திருந்தது. ஆனால், நடுநடுவே 'டப்... டப்' என்று ஏதோ தெறித்தது. முதலில் அதைச் சொன்னவர் அப்பத்தாதான்.

“ஏய்யா, நாஞ் சரியாத்தானே பாடுனேன்? ஊடால என்னய்யா, சட்டியில சோளம் பொரியிறாப்புல சத்தம்?”

மைக்கைச் சந்தேகப்பட்டேன், ஒயரைச் சந்தேகப்பட்டேன். மறுநாள் வானொலி நிலையமொன்றில் ஒலிப்பதிவு வேலை பார்க்கும் நண்பருக்கு ஒரு துண்டை அனுப்பினேன். பத்து நொடி கேட்டுவிட்டு அவர் சொன்ன பதில் இதுதான்: “மைக்கைத் திட்டாதே. உன் லேப்டாப் நேரத்துக்கு வரலை!”

அந்த ஒரு வரிக்கு அர்த்தம் புரிய எனக்கு ஒரு மாதம் ஆனது. வீட்டிலேயே பாட்டு, கதை, பாடம் என்று எதையாவது பதிவு செய்கிறவர்களுக்கு அந்த ஒரு மாதத்தை மிச்சப்படுத்தத்தான் இந்தக் கட்டுரை.

குழாயடியில் ஒரே ஆள்

மைக்கில் விழும் சத்தத்தை ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒரு நொடிக்கு 48,000 முறை அளந்து எண்களாக மாற்றுகிறது. ஒவ்வோர் அளவுக்கும் சாம்பிள் என்று பெயர். (சிடி-க்கு இந்தக் கணக்கு 44,100. வீடியோ வேலைக்கு 48,000-தான் வழக்கம்.) இவற்றை ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரிடம் கொடுத்துக்கொண்டிருக்க முடியாது. கொஞ்சம் சேர்த்துவைத்து மொத்தமாகக் கொடுக்க வேண்டும். அப்படிச் சேர்த்துவைக்கும் இடம்தான் பஃபர்.

தெருக்குழாயில் தண்ணீர் வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயை மூட முடியாது. குடம் நிறைந்ததும் அதை எடுத்துவிட்டு அடுத்த குடத்தை வைக்க வேண்டும். ஆனால், வீட்டில் இருப்பது ஒரே ஆள். அடுப்பில் பால் பொங்குகிறது, வாசலில் சிலிண்டர்காரர் பெல் அடிக்கிறார், உள்ளே போன் அலறுகிறது. அவர் எல்லா வேலைக்கும் முறைவைத்து ஓடுகிறார். குழாயடிக்கு அரை நிமிடம் பிந்தி வந்தால் போதும், குடம் வழிந்துவிடும். வழிந்த தண்ணீரை அள்ள முடியுமா?

பதிவின்போது நடப்பது இதேதான். கம்ப்யூட்டர் உரிய நேரத்தில் வந்து பஃபரை எடுக்காவிட்டால் சில சாம்பிள்கள் தொலைந்துபோகும். ஓடிக்கொண்டிருந்த ஒலி அலை அந்த இடத்தில் அறுந்து, அடுத்த துண்டோடு திடுக்கென்று ஒட்டிக்கொள்ளும். அந்த ஒட்டைத்தான் நம் காது 'டப்' என்று கேட்கிறது. பாட்டைத் திரும்பப் போடும்போது இதுவே தலைகீழாக நடக்கும். ஸ்பீக்கர் குடத்தை நீட்டும்போது உள்ளே தண்ணீர் இருக்காது. அப்போதும் அதே 'டப்'தான்.

“அப்படியானால் வேகமான கம்ப்யூட்டர் வாங்க வேண்டுமா?” என்று கேட்பீர்கள். வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 48,000 சாம்பிள், ஒவ்வொன்றும் 24 பிட், ஒரே ஒரு மைக் என்றால் ஒரு நிமிடப் பதிவுக்கு ஆகும் இடம் சுமார் 8.6 எம்பி. ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 520 எம்பி. பத்து வருடப் பழைய லேப்டாப்புக்குக்கூட இது தூசு. ஆடியோவுக்குத் தேவை வேகமான ஆள் இல்லை, சொன்ன நேரத்துக்கு வரும் ஆள்.

விண்டோஸ், மேக், லினக்ஸ் எதுவானாலும் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் வேலை எல்லா புரோகிராம்களுக்கும் நேரத்தைப் பங்கிட்டுக் கொடுப்பதுதான். மெயில் பார்ப்பதற்கும் கணக்கு எழுதுவதற்கும் அந்தப் பங்கீடு சரி. ஒரு நொடி தாமதமானால் நமக்குத் தெரியப்போவதில்லை. ஒலிக்கு அது சரிப்படாது. “குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் மற்ற வேலையைத் தள்ளிவை” என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிவைப்பதுதான் இந்தச் சுருதி சேர்ப்பு.

குடம் பெரிதா, சிறிதா?

முதலில் செய்ய வேண்டியது பஃபர் அளவைச் சரிசெய்வது. ஆடியோ இன்டர்ஃபேஸின் அமைப்பிலோ பதிவு செய்யும் சாஃப்ட்வேரிலோ 64, 128, 256, 512, 1024 என்று எண்கள் இருக்கும். அவைதான் குடத்தின் அளவு.

பெரிய குடம் வைத்தால் ஆள் மெதுவாக வரலாம், வழியாது. ஆனால், குடம் நிறையும்வரை காத்திருக்க வேண்டுமே, அந்தக் காத்திருப்புதான் தாமதம். 48,000 கணக்கில் 128 சாம்பிளுக்கு 2.7 மில்லிநொடி, 256-க்கு 5.3, 512-க்கு 10.7, 1024-க்கு 21.3 மில்லிநொடி. பாடுவது கம்ப்யூட்டருக்குள் போய், திரும்ப ஹெட்போனுக்கு வர வேண்டுமென்றால் போகவும் வரவும் சேர்த்து இது குறைந்தது இரண்டு மடங்காகும்.

இதைத் தூரமாக நினைத்தால் எளிதில் விளங்கும். ஒலி ஒரு மில்லிநொடியில் ஏறக்குறைய ஓர் அடி தூரம்தான் போகிறது. கச்சேரி மேடையில் பாடகருக்கும் மிருதங்கக்காரருக்கும் நடுவே ஆறடி இருந்தால் ஐந்து மில்லிநொடித் தாமதம் இருக்கத்தான் செய்கிறது. அதை யாரும் உணர்வதில்லை. போகவர 128 சாம்பிள் வைத்தால் ஏறக்குறைய அதே ஆறடிதான். 1024 வைத்தால்? சுமார் 48 அடி. பிராகாரத்தின் ஒரு மூலையில் நாகஸ்வரம், மறு மூலையில் தவில் என்று வாசித்தால் தாளம் எப்படி நிற்கும்?

ஆகவே, கணக்கு இதுதான். கம்ப்யூட்டரில் கீபோர்டை இணைத்து வாசிக்கிறீர்களா, உங்கள் குரலையே கம்ப்யூட்டர் வழியாக ஹெட்போனில் கேட்டுக்கொண்டு பாடுகிறீர்களா? அப்போது 128 அல்லது 256. வெறுமனே பதிவு மட்டும் செய்கிறீர்களா? 1024 வையுங்கள், கவலையே வேண்டாம். பெரும்பாலான ஆடியோ இன்டர்ஃபேஸ்களில் டைரக்ட் மானிட்டர் என்று ஒரு பட்டனோ திருகோ இருக்கும். அதை இயக்கினால் மைக்கின் ஒலி கம்ப்யூட்டருக்குள் போகாமலேயே நேராக ஹெட்போனுக்கு வந்துவிடும்.

நான் அன்றைக்கு என்ன வைத்திருந்தேன் தெரியுமா? 64! “சின்ன பஃபர்தான் நல்லது” என்று யாரோ சொன்னதை அப்படியே நம்பிவிட்டேன். ஹெட்போனே மாட்டாத அப்பத்தாவுக்கு எதற்கு அந்த அவசரம்?

அன்றைக்கு நடந்தவை

பஃபர் மட்டும் காரணமில்லை. பிறகு ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தபோது இன்னும் மூன்று தவறுகள் தெரிந்தன.

கரன்ட் போனதும் லேப்டாப் பேட்டரி சிக்கனத்துக்குப் போய்விட்டது. பிராசஸர் அடிக்கடி தன் வேகத்தைக் குறைத்து ஒரு குட்டித் தூக்கம் போட ஆரம்பித்தது. எழுந்து வருவதற்குள் 64 சாம்பிள் குடம் வழிந்தது.

வைஃபை ஓடிக்கொண்டிருந்தது. நெட்வொர்க் சிப்பை இயக்கும் டிரைவர் புரோகிராம்கள் சில நேரம் பிராசஸரைக் கையில் பிடித்துக்கொண்டு விடாது. அந்த ஓரிரு மில்லிநொடி போதும்.

மூன்றாவதுதான் வேடிக்கை. எங்கள் கோப்புகளைத் தானாகவே கிளவுடில் சேமிக்கும் புரோகிராம் ஒன்று, பதிவாகிக்கொண்டிருந்த பாட்டையே உடனுக்குடன் மேலே ஏற்ற முயன்றுகொண்டிருந்தது. காப்பாற்ற வந்ததே கெடுத்துவிட்டது!

எந்தக் கம்ப்யூட்டரானாலும் இவை முதலில்

1. பதிவுக்கு முன்னால் ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிரவுசர், மெசேஜ் புரோகிராம்கள், கிளவுட் சேமிப்பு எல்லாவற்றையும் மூடுங்கள்.

2. வைஃபை, புளூடூத் இரண்டையும் அணையுங்கள். ஏரோபிளேன் மோடு போட்டால் ஒரே அழுத்தில் முடியும்.

3. சார்ஜரில் போட்டுவிடுங்கள். சார்ஜர் போட்டதும் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் வந்தால் அது மின்சார எர்த் பிரச்னை. அப்போது மட்டும் சார்ஜரைக் கழற்றிவிட்டு, பேட்டரியிலும் முழுத்திறனில் ஓடும்படி பவர் அமைப்பை மாற்றுங்கள்.

4. ஹெட்போன் ஒயர் உள்ளதாகவே இருக்கட்டும். புளூடூத் ஹெட்போன்களில் தாமதம் 100 மில்லிநொடியைத் தாண்டுவது சாதாரணம். அதைக் காதில் வைத்துக்கொண்டு தாளத்தோடு பாட முடியாது.

5. ஆடியோ இன்டர்ஃபேஸை லேப்டாப்பிலேயே நேராகச் செருகுங்கள். நாலைந்து கருவிகள் தொங்கும் யுஎஸ்பி ஹப் வேண்டாம்.

6. சாம்பிள் ரேட் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கட்டும். கருவியில் 48,000, சாஃப்ட்வேரில் 44,100 என்றிருந்தால் கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொடுக்கும் வேலை கூடும். சில நேரம் பாட்டின் சுருதியே மாறிவிடும்.

7. பென்டிரைவில் நேராகப் பதிவு செய்யாதீர்கள். லேப்டாப்பின் உள்ளே பதிவு செய்து, பிறகு நகல் எடுங்கள்.

விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு

பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில் ஹை பெர்ஃபார்மன்ஸ் என்ற திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். சில புது லேப்டாப்களில் அது கண்ணில் படாது. அப்போது செட்டிங்ஸில் பவர் மோடுக்குப் போய் பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ் வையுங்கள். யுஎஸ்பி கருவிகளை உறங்கவைக்கும் செலக்டிவ் சஸ்பெண்ட் வசதியையும் நிறுத்துங்கள். அப்டேட்டுகளைப் பதிவு நாளன்று தள்ளிப்போடலாம். பாஸ் அப்டேட்ஸ் என்று இருக்கும். வேலை முடிந்ததும் மறக்காமல் திரும்ப இயக்குங்கள்.

சவுண்ட் அமைப்பில் ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ் என்றிருந்தால் அணைத்துவிடுங்கள். இரைச்சலை நீக்கும் வசதிகள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. தம்புராவின் நீண்ட ரீங்காரத்தை அவை ஃபேன் சத்தம் என்று நினைத்து வெட்டிவிடும்! மெயில் வந்தால் 'டிங்' என்று அடிக்கும் சிஸ்டம் ஒலிகளையும் நிறுத்துங்கள்.

அடுத்து, ஆசியோ. ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997-ல் கொண்டுவந்த டிரைவர் முறை இது. விண்டோஸின் பொதுவான ஒலிப் பாதையில் போகாமல், சாஃப்ட்வேரும் கருவியும் நேரடியாகப் பேசிக்கொள்ள ஒரு குறுக்குவழி. உங்கள் ஆடியோ இன்டர்ஃபேஸைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் அதற்கான ஆசியோ டிரைவர் இருந்தால் அதையே நிறுவுங்கள். எந்த டிரைவர் நேரத்தைத் தின்கிறது என்று கண்டுபிடிக்க லேட்டன்சிமான் என்ற புரோகிராம் இருக்கிறது. கால்மணி நேரம் ஓடவிட்டால் குற்றவாளியின் பெயரைச் சொல்லிவிடும்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு

இங்கே வேலை குறைவு. கோர் ஆடியோ என்ற ஒலி அமைப்பு ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குள்ளேயே இருக்கிறது. பெரும்பாலான யுஎஸ்பி கருவிகள் செருகியதும் ஓடும். ஆடியோ மிடி செட்டப் என்ற புரோகிராமில் சாம்பிள் ரேட்டைச் சரிபாருங்கள். லோ பவர் மோடை அணையுங்கள். டைம் மெஷின் பேக்கப் நடந்துகொண்டிருந்தால் முடியும்வரை காத்திருங்கள். பஃபர் அளவைப் பதிவு செய்யும் சாஃப்ட்வேரிலேயே மாற்றலாம்.

பழைய லேப்டாப்புக்கு மறுவாழ்வு

2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லாத லேப்டாப்கள் எத்தனையோ வீட்டுப் பரணில் கிடக்கின்றன. அவற்றைப் பதிவுக்கென்றே ஒதுக்கிவிடலாம். அதற்குக் கைகொடுப்பது லினக்ஸ்.

லினக்ஸில் ஒலி வேலைக்காகவே முன்கூட்டிச் சரிசெய்துவைத்த பதிப்புகள் இருக்கின்றன. அவற்றில் உபுண்டு ஸ்டூடியோ 2007 முதல் வெளிவருகிறது. விலை கிடையாது. பென்டிரைவில் ஏற்றி, லேப்டாப்பில் இருப்பதைத் தொடாமலேயே ஓட்டிப் பார்க்கலாம். மைக்கும் இன்டர்ஃபேஸும் சரியாக ஓடுகின்றன என்று தெரிந்த பிறகு நிறுவினால் போதும்.

சாதாரண லினக்ஸில் நாமே தேடித் தேடி மாற்ற வேண்டியவை இதில் தயாராக இருக்கும். முக்கியமானது, ஒலி புரோகிராமுக்கு ரியல்டைம் முன்னுரிமை கொடுப்பது. “இவர் வந்தால் வரிசையில் நிற்க வேண்டாம், உள்ளே விடு” என்று வாசலில் சொல்லிவைப்பது போல. அந்த அனுமதி இல்லாவிட்டால் ஒலி புரோகிராமும் மற்றவற்றோடு சேர்ந்து வரிசையில்தான் நிற்கும். அடுத்தது, பிராசஸர் குட்டித் தூக்கம் போடாமல் இருக்க பெர்ஃபார்மன்ஸ் நிலையில் வைப்பது. இதை மட்டும் பதிவுக்கு முன்னால் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

லினக்ஸில் பல வருடங்களாக இன்னொரு தலைவலி இருந்தது. அன்றாட ஒலிக்கு பல்ஸ்ஆடியோ, இசை வேலைக்கு பால் டேவிஸ் உருவாக்கிய ஜாக் என்று இரண்டு அமைப்புகள். இருக்கும் ஒரே சவுண்ட் கார்டுக்கு இரண்டும் சண்டை போடும். விம் டைமன்ஸ் உருவாக்கிய பைப்வயர் இந்த இரண்டின் வேலையையும் ஒன்றாக்கியது. 2021-ல் ஃபெடோரா 34 பதிப்பில் அதுவே இயல்பான அமைப்பானது, பிறகு உபுண்டுவும் மாறியது. இன்று புதிதாக வருகிறவர்களுக்கு அந்தத் தலைவலி பெருமளவு இல்லை.

நேரத்துக்கு வருவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு லினக்ஸிலேயே ஒரு கதை உண்டு. குறித்த நேரத்தில் வேலையை முடித்தே ஆக வேண்டும் என்ற திறனை லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலில் முழுமையாகச் சேர்க்க தாமஸ் கிளைக்ஸ்னர் உள்ளிட்டோர் ஏறக்குறைய 20 வருடங்கள் உழைத்தார்கள். 2024 செப்டம்பரில் வியன்னாவில் நடந்த மாநாட்டில் அதற்கான கோரிக்கையை அச்சடித்து, தங்க நிறத் தாளில் பரிசுப் பொட்டலமாகச் சுற்றி, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் கையில் கொடுத்தார் கிளைக்ஸ்னர். அது கெர்னலின் 6.12 பதிப்பில் சேர்ந்தது. தொழிற்சாலை இயந்திரங்களுக்கும் ரோபோக்களுக்கும் அது அவசியம். ஒலிப்பதிவுக்காரர்களுக்கும் அதன் பலன் கிடைக்கிறது.

குறைகளும் உண்டு. விண்டோஸுக்கென்றே செய்த சில இசைக் கருவி சாஃப்ட்வேர்கள் லினக்ஸில் ஓடாது. சில இன்டர்ஃபேஸ்களின் கூடுதல் வசதிகளும் கிடைக்காது. குரல் பதிவுக்கு அவை தேவைப்படுவதில்லை.

ஒன்று மாற்றுங்கள், ஒருமுறை சோதியுங்கள்

இணையத்தில் தேடினால் “இந்த நூறு மாற்றங்களையும் செய்யுங்கள்” என்று பட்டியல்கள் வரும். அவசரப்படாதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், சோதியுங்கள், ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆன்டிவைரஸை நிரந்தரமாக நீக்குவது போன்ற யோசனைகளை ஒதுக்கிவிடுங்கள். நெட் இணைப்பை அணைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

சோதிக்க ஒரு வீட்டு வழி இருக்கிறது. போனில் தம்புரா ஆப்பை ஓடவிட்டு மைக் முன்னால் வையுங்கள். அரை மணி நேரம் பதிவு செய்யுங்கள். இடைவெளி இல்லாத தம்புரா ஒலியில் ஒரு சின்ன 'டப்'கூட ஒளிந்துகொள்ள முடியாது. மூன்று ஆபரேட்டிங் சிஸ்டங்களிலும் இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டியில் ஒலி விட்டுப்போன இடங்களைக் கண்டுபிடித்து லேபிள் ஒட்டிக் காட்டும் வசதியும் உண்டு. சுத்தமாக வந்தால் பாடுகிறவரைக் கூப்பிடுங்கள். வராவிட்டால் பஃபரை ஒரு படி ஏற்றுங்கள்.

அந்த ஒரு பாட்டு

சித்திரையில் மறுபடி ஊருக்குப் போனோம். அதே லேப்டாப், அதே மைக். பஃபர் 1024, வைஃபை இல்லை, பின்னணியில் வேறெதுவும் ஓடவில்லை. முந்தைய நாள் இரவே தம்புராவை வைத்து இரண்டு முறை சோதித்திருந்தேன். அப்பத்தா அலுத்துக்கொள்ளாமல் பாடினார். பத்துப் பாட்டுகள் பளிங்கு மாதிரி வந்தன.

பதினொன்றாவது ஒரு நடவுப் பாட்டு. பாதியில் நிறுத்திவிட்டார். யோசித்தார். தலையை அசைத்தார்.

“அன்னைக்கு வந்துச்சுய்யா. இன்னைக்கு வர மாட்டேங்குதே.”

அதற்குப் பிறகும் அது வரவில்லை. ஆகவே அந்தப் பாட்டு முழுதாக இருப்பது பொங்கல் அன்று எடுத்த பதிவில் மட்டும்தான். அதில் ஏழு இடங்களில் 'டப்' இருக்கிறது. ஆடாசிட்டியில் ரிப்பேர் என்று ஒரு வசதி உண்டு. ஒரு நேரத்தில் அதிகபட்சம் 128 சாம்பிள்வரை, அக்கம்பக்கத்து ஒலியைப் பார்த்து ஊகித்து ஒட்டுப் போடும். ஐந்து இடங்களில் அது உதவியது. இரண்டு இடங்களில் ஒட்டு தெரிந்தது, அதனால் அப்படியே விட்டுவிட்டேன். ஒட்டுப் போட்டாலும் தொலைந்த சாம்பிள் தொலைந்ததுதான். அதில் என்ன இருந்தது என்று அப்பத்தாவின் தொண்டைக்கு மட்டும்தான் தெரியும்.

உங்கள் வீட்டிலும் ஓர் அப்பத்தாவோ தாத்தாவோ இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே பதிவு செய்யுங்கள். அதற்கு முன், சனிக்கிழமை இரவு அரை மணி நேரம் தம்புராவைப் பாடவிட்டுப் பாருங்கள். பொரி வெடித்தால் அன்றைக்கே வெடித்துவிடட்டும்!